பிளாக் வெடித்த பழைய படகு: ஒட்டுவதா, தைப்பதா, எஞ்சினையே மாற்றுவதா?

மச்சானின் படகு இலங்கை மலைநாட்டில் இருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. பதினெட்டு அடி ஃபைபர் படகு. உள்ளே 3 லீட்டர், நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். பின்பலகைக்கு வெளியே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ். எஞ்சினுக்கு வயது முப்பதுக்கு மேல். விடுமுறை நாட்களில் பங்களாக்களுக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். மற்ற நாட்களில் அக்கரைத் தோட்டத்து ஆட்கள் ஏறுவார்கள், சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுவார்கள். பிள்ளைகள் ஏறுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்த முடிவில் பாதி அதனால் வந்தது.

மார்ச் மாதம், நீர்மட்டம் நன்றாக இறங்கிக் கிடந்தது. கரையோரம் முழுக்கச் சேறு. அந்தத் தண்ணீரை எஞ்சின் உறிஞ்சியதில் வடிகட்டி அடைத்துக்கொண்டது, தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெலர் காய்ந்து கிழிந்தது. வெப்பமானி முள் மேலே போனதை ஓட்டிய பையன் கவனிக்கவில்லை. எஞ்சின் திணறி நின்றதும், சூட்டைத் தணிக்கலாம் என்று வாளியால் ஏரித் தண்ணீரை அள்ளி, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பான பிளாக்கின் மேல் ஊற்றினான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், திடீர்க் குளிரைத் தாங்காது. ஒரு பக்கம் சட்டென்று சுருங்க, மறுபக்கம் விரிந்தபடியே நின்றால் நடுவில் கீறிவிடும்.

இணையத்தில் தேடினால் வெடித்த பிளாக்குக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து, பனிக்கட்டியாக விரிந்து உடைத்துவிட்டது. நமக்கு அது பொருந்தாது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் ஏரியில் நிற்கும் படகுக்குள் இருக்கும் அத்தனை கிலோ இரும்பையும் தண்ணீரையும் உறைய வைக்க அந்தச் சில மணி நேரக் குளிர் போதாது. மலைநாட்டில் பிளாக் வெடித்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஏரித் தண்ணீரை நேரடியாக உறிஞ்சி வெளியே தள்ளும் எஞ்சினில், கார் ரேடியேற்றரில் இருப்பது போல அழுத்த மூடி கிடையாது. அதனால் கடலோரத்தில் தப்பிக்கிற எஞ்சின் இங்கே முன்கூட்டியே கொதித்து நீராவி கட்டும்.

முதலில் வெடிப்பைக் கண்டுபிடியுங்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தோம். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, அளவும் கூடியிருந்தது. உடனே "பிளாக் போச்சு" என்று நாலு பேர் சொன்னார்கள். ஒயிலில் தண்ணீர் கலந்தால் பிளாக்தான் வெடித்தது என்று அர்த்தமில்லை. சூடேறிய எஞ்சினில் முதலில் போவது ஹெட் கெஸ்கட், அதாவது பிளாக்குக்கும் அதன் மேல் மூடிக்கும் இடையில் இருக்கும் தகடு. அடுத்தது அந்த மூடியான ஹெட். பழைய படகு எஞ்சின்களில் புகையை வெளியேற்றும் எக்சோஸ்ட் மெனிஃபோல்டும், அதன் மேல் நிற்கும் வளைவுக் குழாயும் உள்ளே துருப்பிடித்து ஓட்டையாகும். தண்ணீர் அந்த வழியாகவே சிலிண்டருக்குள் இறங்கும். இவை மூன்றையும் விலக்கிய பிறகுதான் பிளாக்கைக் குற்றம் சொல்ல வேண்டும்.

சோதிக்கும் முறை கடினமில்லை. தண்ணீர் போகும் வரும் வாய்களை எல்லாம் தகடும் ரப்பரும் வைத்து அடைத்துவிட்டு, ஒரு வாயில் கைப்பம்பையும் அழுத்தமானியையும் பொருத்தி 15 பி.எஸ்.ஐ. வரை காற்றை ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீரைப் பூசினால் வெளிவெடிப்பில் குமிழி வரும். வெளியே குமிழியே இல்லாமல் முள் இறங்கினால் கசிவு உள்ளே இருக்கிறது. அப்போது ஸ்பார்க் பிளக்குகளையும் அடியிலிருக்கும் ஒயில் தொட்டியையும் கழற்றிவிட்டு, காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பாக இருந்தால், சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் தெளிக்கும் ஸ்பிரே கிடைக்கிறது. வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தெரியும்.

சோதனைக்கு ஒரு வாரம் ஆகும் என்றாலும், அந்தப் பால் நிற ஒயிலை அன்றைக்கே வடித்துவிடுங்கள். டீசலும் மலிவான ஒயிலும் கலந்து ஊற்றி, கையால் சுழற்றி, மறுபடி வடியுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விடுங்கள். தண்ணீர் கலந்த ஒயிலோடு நான்கு நாள் நின்றால் பெயாரிங்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் துருவேறிவிடும். அப்புறம் பிளாக்கைச் சரிசெய்தும் பலனில்லை.

ஹட்டனில் ஒரு லேத் பட்டறை பாஸிடம் கழற்றிய பிளாக்கைக் கொண்டு போனோம். எடுத்தவுடன் நான் கேட்டது, "நாலரை அங்குல வெடிப்பு பாஸ், சரிசெய்யலாமா?" என்றுதான்.

"நீளத்தை விடுங்க தம்பி. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"தண்ணி இருக்கு."

"தண்ணி மட்டும்னா ஏதாவது செய்யலாம். ஒயில் இருந்தா யோசிக்கணும். பிஸ்டனோ, மெயின் பெயாரிங்கோ இருந்தா எங்கிட்ட கொண்டு வராதீங்க."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. வெளிச்சுவரில், தண்ணீர் அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் இருக்கும் வெடிப்பு ஒரு கசிவு மட்டும்தான். அங்கே அழுத்தம் குறைவு, சூடும் குறைவு. தண்ணீர் அறைக்கும் ஒயில் ஓடும் பகுதிக்கும் இடையில் வந்தால் அது எஞ்சினை உள்ளிருந்து தின்னும். சிலிண்டர் சுவரிலோ, கிராங்கைத் தாங்கும் பாலங்களிலோ வந்தால், ஒவ்வொரு வெடியின் அடியும் அந்தக் கீறலைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும்.

எபொக்சி

இரும்புத்தூள் கலந்த இரட்டைப் பசையை நான் இகழமாட்டேன். வெளிச்சுவர் வெடிப்புக்கு அது உண்மையாகவே வேலை செய்யும். சரக்கைவிடத் தயாரிப்புத்தான் முக்கியம். வெடிப்பின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் கீறல் ஒட்டுக்கு அப்பால் ஓடிவிடும். வெடிப்பின் மீது 'வி' வடிவில் பள்ளம் அரைத்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்டும் துருவும் போகச் சுரண்டி, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். டிக்கோயா, நோர்வூட் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் இரும்பு எப்போதும் வியர்த்தபடி இருக்கும். இரும்பைக் கை பொறுக்கும் அளவு சூடாக்கிக்கொண்டு பூசி, 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

இப்படிச் செய்த ஒட்டு வருடக்கணக்கில் நிற்கலாம், ஆனால் அடுத்த தடவை எஞ்சின் சூடேறினால் முதலில் பெயர்ந்து விழுவதும் அதுதான். தனியாக மீன்பிடிக்கப் போகிறவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன். ஆட்களை ஏற்றுகிற படகுக்குச் செய்யமாட்டேன்.

ரேடியேற்றரில் ஊற்றும் பிளாக் சீலர் திரவத்தைப் பலர் சொன்னார்கள். சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீரில், சூட்டில் இறுகி வெடிப்பை அடைப்பதுதான் அதன் வேலை. ஏரித் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும் எஞ்சினில் அந்தத் திரவம் ஒரு நிமிடத்தில் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். வாங்க வேண்டாம்.

வெல்டிங்

இங்கே பட்டறைகளில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். எனக்கு அதிகம் பயம் இருப்பதும் இதில்தான். வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. சாதாரண இரும்புக் கம்பியை வைத்து வெல்ட் செய்து விட்டால், உருகிய இடத்துக்குப் பக்கத்து இரும்பு வேகமாகக் குளிர்ந்து கண்ணாடி போல இறுகும். பார்வைக்கு வெல்டிங் அழகாக இருக்கும். அதற்குக் கால் அங்குலம் தள்ளிப் புதிய கீறல் ஓடும், சில சமயம் ஆறும்போதே.

சரியாகச் செய்ய இரண்டு முறை உண்டு. ஒன்று, முழுப் பிளாக்கையும் 500 முதல் 650 பாகை வரை ஒரே சீராகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வெல்ட் செய்து, பிறகு ஒரு நாளுக்கு மேல் மெதுவாக ஆறவிடுவது. சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து வைப்பார்கள். விறகு உலை எரியும் தேயிலைத் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படிச் சூடாக்கிய பிளாக் கொஞ்சமாவது கோணும். ஹெட் உட்காரும் தளத்தையும், சிலிண்டர்களையும், கிராங்க் வரிசையையும் மறுபடி மெஷினில் போட வேண்டும். வெல்டிங் கூலியைவிட அந்தக் கூலி அதிகம்.

மற்றது, நிக்கல் கம்பியால் குளிராகச் செய்வது. ஒரு தடவைக்கு ஓர் அங்குலம் மட்டும் ஓட்டி, உடனே சிறு சுத்தியலால் தட்டி, வெறும் கை வைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு அடுத்த அங்குலம். பொறுமை வேண்டும். தோட்டத் தொழிற்சாலைகளில் பழைய ரோலர் இயந்திரங்களின் வார்ப்புகளைச் செப்பனிட்டுப் பழகிய ஃபிட்டர்கள் இதை நன்றாகச் செய்வார்கள். அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்து, வெடிப்பும் வெளிச்சுவரில் இருந்தால் மட்டும் கொடுங்கள். "காலையில் கொடுங்க, பின்னேரம் எடுத்துட்டுப் போங்க" என்று சொல்கிற இடத்தில் பிளாக்கை இறக்கவே வேண்டாம்.

தையல்

இரும்பைத் தைப்பதா என்று மச்சான் முதலில் நம்பவில்லை. இது சூடே இல்லாத முறை. வெடிப்புக்குக் குறுக்கே இடைவெளி விட்டுத் துளைகளை வரிசையாகப் போட்டு, அவற்றில் உறுதியான உலோகப் பூட்டுகளை அடித்து இறக்குவார்கள். அவை இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். பிறகு வெடிப்பின் நீளத்துக்கு ஒன்றை ஒன்று கடித்தபடி மரையாணிகளை இறுக்கி, தலையை வெட்டி, மட்டமாகத் தட்டிவிடுவார்கள். எதுவும் கோணாது, மெஷின் வேலை தேவையில்லை. பெரிய கப்பல் எஞ்சின்களையே இப்படிச் செப்பனிடுகிறார்கள்.

பழுதுபார்க்கும் வழிகளில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். இதற்கு இரண்டு நிபந்தனை. சுவர் குறைந்தது 4, 5 மில்லிமீட்டர் தடிப்பாக இருக்க வேண்டும். முப்பது வருடம் தண்ணீர் ஓடிய சுவர் உள்ளே துருவித் தேய்ந்திருக்கும். நம் ஏரிகளில் உப்பு இல்லாதது ஒரு பெரிய ஆறுதல், கடலில் ஓடிய எஞ்சினை வாங்கி வந்திருந்தால் அந்த ஆறுதலும் இல்லை. இரண்டாவது, தெரிந்த கை. அந்தக் கை மலையில் இல்லை, கொழும்புத் துறைமுகப் பக்கம் தேட வேண்டும். பிளாக்கைப் பட்டா லொறியில் ஏற்றி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும்.

வேறு பிளாக், வேறு எஞ்சின்

எங்கள் சோதனையில் வெளிவெடிப்பு மட்டும் இருந்திருந்தால் தையலோடு கதை முடிந்திருக்கும். ஒயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது சிலிண்டரின் அடிப்பக்கத்திலும் காற்றுக் குமிழ் வந்தது. பாஸ் சாயத்தைப் பூசிக் காட்டினார். ஒரு பெருவிரல் நீளச் சிவப்புக் கோடு. அதோடு பழுதுபார்க்கும் எண்ணத்தை விட்டோம்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இறங்கித் தேடினால் எஞ்சின்கள் கிடைக்கின்றன. நான் சொல்லும் எச்சரிக்கை, கார் எஞ்சினும் படகு எஞ்சினும் வெளிப் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் ஒன்றல்ல என்பது. பிளாக்கை மாற்றிக்கொள்ளலாம். ஜெனரல் மோட்டர்ஸின் 181 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சின் படகிலும் ஓடியது, ஃபோர்க்லிஃப்டிலும் ஓடியது. ஆனால் ஸ்டார்ட்டர், ஓல்டனேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெற்றோல் பம்ப், கார்புரேட்டர் ஆகியவற்றைப் படகில் இருந்த பழைய எஞ்சினிலிருந்தே எடுத்துப் பொருத்த வேண்டும். படகுக்கான மின் உறுப்புகள் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய எஞ்சின் அறையின் அடியில் தேங்கி நிற்கும். அங்கே கார் ஸ்டார்ட்டர் ஒரு பொறியைத் தட்டினால் படகே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் யாரும் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

குளிர்நாடுகளிலிருந்து பாவித்த எஞ்சினாக வருவதை வாங்கும்போது, முன்னே நான் ஒதுக்கிவைத்த உறைபனிக் கதை திரும்பி வருகிறது. அங்கே தண்ணீர் வடிக்காமல் விட்ட எஞ்சின், வெடித்த இடத்தில் புதுப் பெயின்டோடு இங்கே வந்து நிற்கலாம். பிளாக்கின் பக்கத்துத் துளைகளை அடைக்கும் வட்டத் தகடுகளான வெல்ஷ் பிளக்குகள் பிதுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் முன்னாலேயே அந்த 15 பி.எஸ்.ஐ. சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

பின்னால் தொங்கும் எஞ்சின்

கடைசியில் நாங்கள் எடுத்த வழி இது. உள் எஞ்சினையும் டிரைவையும் முழுக்க இறக்கிவிட்டு, பின்பலகையில் அவுட்போர்ட் எஞ்சினை மாட்டுவது. மச்சானுக்கு முதலில் மனமில்லை. 140 குதிரைவலு இருந்த படகில் 40ஐ மாட்டினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினெட்டு அடிப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில் போக அந்த 40இல் சிறு பங்கு போதும். ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் வேலைக்கு அந்த வேகமே நிதானமானது. பழைய எஞ்சினும் டிரைவும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 100 கிலோவுக்குள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 300 மீட்டருக்கு 3 சதவீதம் வலு குறையும் என்பது பொதுக் கணக்கு. 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் காசல்ரீயில் 40 என்பது ஏறக்குறைய 36. நுவரெலியாவின் கிரகரி ஏரியில் 33க்குக் கீழே வந்துவிடும். கடலோரத்துக்காரர் தருகிற புரொப்பெல்லரை அப்படியே மாட்டாமல், ஓர் அங்குலமோ இரண்டோ பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்ததைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் முழுச் சுற்றுக்கு வராமல் மூச்சு முட்டும்.

இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கனம் குறைந்தது, விலையும் குறைவு, நீர்கொழும்பு முதல் எந்த மீனவத் துறையில் கேட்டாலும் பழுது பார்ப்பார்கள். ஆனால் பெற்றோலோடு கலந்த ஒயிலில் ஒரு பகுதியை எரிக்காமலே தண்ணீருக்குள் விடும். காசல்ரீயிலிருந்து போகும் கெஹெல்கமு ஓயாவும், பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்திலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆறு. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. நம் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் குளிப்பதும் இதே தண்ணீரில்தான். பாவித்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினையே வாங்கினோம். செலவு கூடியது, எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்த வழியில் பெரிய வேலை பின்பலகைதான். டிரைவ் இருந்த ஓட்டையை மரீன் பலகையும் ஃபைபரும் வைத்து இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். பழைய பலகை உள்ளே இற்றுப் போயிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். எங்கள் படகில் ஒரு மூலை அப்படி இருந்தது. மழையில்லாத நாள் பார்த்துச் செய்ததில் பதினாறு நாள் போயிற்று.

பேட்டரி மோட்டார் ஒன்றையும் யோசித்தோம். கிரகரி ஏரி போன்ற சிறிய ஏரியில், கரைக்குப் பக்கத்தில், நாலு பேரோடு ஓட்டுவதற்கு அது அருமையாக இருக்கும். காசல்ரீயில் மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்று எழும்பி, நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாயும் நாட்களில் நடுவில் பேட்டரி இறங்கினால் என்ன செய்வது? அதனால் விட்டோம்.

வெடிப்பு வெளிச்சுவரில் மட்டும், எஞ்சினின் மற்ற பாகங்கள் உறுதி என்றால் எங்கள் முடிவு உங்களுக்குப் பொருந்தாது. தைக்கக் கொடுங்கள். தைத்த எஞ்சினைத் திரும்பப் பொருத்தும்போது புது இம்பெலரும், சூடேறினால் கத்தும் ஒரு அலாரமும் போடுங்கள். பழுதுபார்க்கும் கூலியும் ஏற்றி இறக்கும் செலவும் சேர்ந்து மாற்று எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

பையனுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று காட்ட எஞ்சினின் பக்கத்திலிருந்து பீச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பார்க்காமல் கரையை விட்டுப் புறப்படுவதில்லை, நடுவழியிலும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பழைய எஞ்சினின் ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், ஓல்டனேட்டர் மூன்றையும் துடைத்து ஒயில் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். மவுசாகலையில் அதே எஞ்சினோடு ஒரு படகு ஓடுகிறது. அடுத்த வாரம் ஸ்டார்ட்டர் அங்கே போகிறது.